வரதராஜன் சாரின் அவுட்பாக்ஸ்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும்.

நம் வாழை ஆராய்ச்சி நிலையத்தில் மறுபடியும் மெயில் மென்பொருளை மாற்றப்போகிறீர்கள் என்று தெரிந்தது. மூன்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் என்னென்ன வசதி என்று அட்டவணை போட்டு, ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். வேகம், தேடும் வசதி, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, பழைய கடிதங்கள் வந்து சேருமா, எல்லாம் இருக்கிறது. போன தடவை நான் போட்ட அட்டவணையும் ஏறக்குறைய இதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்துவைத்தேன் என்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெயிலும் நியூஸ்குரூப்பும் ஒரே மென்பொருளில் எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். முசிறி, திருவெள்ளறைப் பக்கம் தோட்டங்களைச் சுற்றும் நம் களப்பணியாளர்கள் ஒரு வாழைக்கு வந்த நோயை நியூஸ்குரூப்பில் எழுதுவார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதுபோல அது எல்லோர் திரையிலும் தெரியும். பதில்கள் அந்தக் கேள்விக்குக் கீழேயே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். செல்போன் குரூப்பில் போட்டது மூன்றாம் நாள் எங்கே போனது என்று தேட வேண்டும். இதில் பத்து வருஷத்துக் கேள்வியும் அதன் இடத்திலேயே இருக்கும்.

அந்தப் பதில்களில் பாதி வரதராஜன் சார் எழுதியவை. ஸ்ரீரங்கத்துக்காரர். வாழை நோய்களில் அவருக்கு மேல் நம்மிடம் ஆள் இல்லை. பேசுவது குறைவு. எழுதினாலும் மூன்று வரிக்கு மேல் போகாது. கடைசியில் ‘வ’ என்று ஒரே எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. ஒருநாள் மதியம், தன் அறையில், நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்துபோனார். டீ கொண்டுபோன அம்மாள்தான் முதலில் பார்த்தாள். அன்று அவர் அறையைப் பூட்டியவர் அன்வர். கணினிகளுக்கு ஒயரும் மின்சாரமும் பார்ப்பவர், என் வயதுக்காரர். மானிட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார். சாரின் மெயில் கணக்கை நான் அன்றே முடக்கியிருக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த ‘நாளைக்கு’ வர மூன்று வருஷம் ஆனது.

மூன்று வருஷம் கழித்துப் பழைய மென்பொருளைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். வேறொன்று தேட வேண்டியிருந்தது. கிடைத்த மூன்றில் முதலாவதில் நியூஸ்குரூப் கிடையாது, ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது பார்க்க அழகு. பழைய மென்பொருள் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப்பிடித்து, கடிதங்கள், முகவரிகள், பாஸ்வேர்டு, அமைப்புகள் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது சிடுமூஞ்சி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி கேட்டு நம் பொறுமையைச் சோதிக்கும். என் அட்டவணையில் இரண்டாவதுதான் வெகு தூரம் முன்னால் நின்றது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சோதித்துப் பார்க்கப் பயம். யாரும் பயன்படுத்தாத கணினி ஒன்று வேண்டும். “வரதராஜன் சார் ரூம்ல ஒன்னு கிடக்கே” என்றேன். அன்வர் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

அறையில் அவர் நாற்காலி மேஜையை விட்டுச் சற்றே திரும்பி நின்றது. சுவர்க் காலண்டர் அந்த மாதத்திலேயே நின்றிருந்தது. துணியை எடுத்ததும் தூசி எழும்பி இரண்டு பேரும் தும்மினோம். கணினி முனகிக்கொண்டே உயிர் பெற்றது. பழைய மென்பொருளைத் திறந்தேன், அது கடைசியாக இருந்த நிலையிலேயே வந்து நின்றது. அடி மூலையில் ‘ஆஃப்லைன்’ என்று சின்னதாக ஒரு சொல். பார்த்தேன். பார்த்தும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. புது மென்பொருளை ஏற்றி, ‘எல்லாவற்றையும் எடுத்துக்கொள்’ என்பதை அழுத்தினேன். கோடு மெதுவாக நகர்ந்தது. “வாங்க, டீ சாப்பிட்டு வரலாம்” என்றார் அன்வர். அந்த அறையில் நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை.

டீயைப் பாதி குடித்திருப்பேன். போன் அடித்தது. முசிறிப் பக்கம் பார்க்கும் களப்பணியாளர் செல்வராசு.

“மேடம், ஒன்னு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“வரதராஜன் சார் பதில் போட்டிருக்காரு.”

“பழசு ஏதாவது பார்த்திருப்பீங்க செல்வராசு.”

“இல்லீங்க மேடம். இன்னைக்குத் தேதி. ரெண்டு நாப்பதுன்னு இருக்கு. இப்பத்தான் வந்துச்சு.” அவர் குரல் இறங்கியது. “பூவன் வாடுதுன்னு அப்ப ஒரு கேள்வி போட்டிருந்தேன்ல, அதுக்குக் கீழ வந்திருக்கு. ‘அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். தோட்டத்தில் இருங்கள். சாயங்காலம் நானே வருகிறேன்’னு போட்டிருக்காரு. அதே மாதிரி ‘வ’ போட்டுப் புள்ளி வச்சு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மேடம், நான் இப்ப அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்” என்றார் அவர்.

ஏதோ கோளாறு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். டம்ளரை வைப்பதற்குள் இயக்குநர் அறையிலிருந்து ஆள் வந்தது. வரதராஜன் அடுத்த திங்கட்கிழமை லீவு கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார், இது யார் விளையாட்டு என்று இயக்குநர் கேட்கிறாராம்.

நானும் அன்வரும் அறைக்கு ஓடினோம். திரையில் ‘எல்லாம் தயார்’ என்று பச்சை எழுத்து. அவுட்பாக்ஸ் காலி. இன்று அனுப்பியவற்றில் மூன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இறந்த நாளில் சாலை தோண்டியவர்கள் இணைய ஒயரை அறுத்துவிட்டார்கள். காலையிலிருந்து லைன் இல்லை. அதனால் அவர் மென்பொருளை ஆஃப்லைனில் வைத்து, எழுதியதையெல்லாம் அவுட்பாக்ஸில் சேர்த்திருக்கிறார், லைன் வந்ததும் போகட்டும் என்று. லைன் வந்தபோது அவர் இல்லை. புது மென்பொருள் அந்தக் கடிதங்களைக் கண்டது. பாஸ்வேர்டும் கையில் இருந்தது. யாரையும் கேட்காமல், அனுப்பும் நாளின் தேதியைப் போட்டு அனுப்பிவிட்டது.

“மூணாவது யாருக்கு?” என்றார் அன்வர்.

மூன்றாவது வேதவல்லி மாமிக்கு. சாரின் மனைவி. ‘இன்று வர நேரமாகும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீ சாப்பிட்டுவிடு. வ.’

அன்வர் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்பாக்ஸில் தடித்த எழுத்தில் ஒரு வரி விழுந்தது. வேதவல்லி. அந்தக் கடிதத்துக்குப் பதில். இரண்டு மூச்சு விட்டிருப்போம். ‘இன்று அனுப்பியவை: 3’ என்று இருந்தது ‘4’ ஆனது.

கீபோர்டில் என் கை இல்லை. அன்வர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அந்த அறையில் வேறு யாரும் கிடையாது.

“யா அல்லாஹ், இது என்னம்மா?” என்றார்.

நான்காவதைத் திறந்தேன். வேதவல்லி மாமிக்குத்தான் போயிருந்தது. ‘கடிதம் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் பதில் எழுதுகிறேன். வ.’

சார் பகல் முழுவதும் தோட்டங்களில் இருப்பார். எழுதியவர்கள் தவிக்கக் கூடாது என்று, வரும் கடிதத்துக்கெல்லாம் தானாக இப்படி ஒரு பதில் போகும்படி என்றைக்கோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார். புது மென்பொருள் அந்த விதியையும் பத்திரமாக எடுத்து வந்திருந்தது. இது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. குனிந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பதறிவிட்டார். “யாரோ நம்ம சிஸ்டத்துக்குள்ள புகுந்துட்டாங்கன்னு அவர் வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க. அதோட முடிஞ்சுது.”

“முடியாது சார். முன்பின் தெரியாத ஒருத்தன், அவங்க வீட்டுக்காரர் மாதிரியே ‘நீ சாப்பிட்டுவிடு’ன்னு எழுதினான்னு அந்தம்மா நினைச்சா, ராத்திரி எப்படித் தூங்குவாங்க?”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“நேர்ல போறேன்.”

கிளம்பும்போது அன்வர் ஒரு யோசனை சொன்னார். “அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு திறந்து பார்த்துட்டுப் போங்கம்மா. என்ன பேசணும்னு உங்களுக்கும் தெரியும்.” நியாயமான பேச்சுதான். மவுஸ் மேல் கை வைத்தேன். அது எனக்கு எழுதப்பட்ட கடிதம் இல்லை. கையை எடுத்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

உறையூர் ஆபீஸிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம், பஸ் நகரவே இல்லை. காவிரிப் பாலத்தில் வெயில் சாய்ந்து கண்ணில் குத்தியது. கைப்பையில் போன் மணியடிக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பேருக்குப் போன ‘சாயங்காலம்’ இன்னும் வரவில்லை, அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஏதோ கணக்கு மனதில் ஓடியது. போனது செல்வராசுவுக்கும் மாமிக்கும், இரண்டு பேருக்குத்தான். என்னையும் சேர்த்து ஏன் மூன்று என்று எண்ணினேன் என்று தெரியவில்லை.

உத்தர வீதியில் மாடி வீடு. வேதவல்லி மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“வாங்கோ. ஆபீஸ்லேர்ந்து யாராவது வருவேள்னு நினைச்சேன். உக்காருங்கோ.”

போன் ஜன்னலோரம் சார்ஜில் போட்டிருந்தது. என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, “சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் தீர்ந்துடப்போறதேன்னு போட்டேன்” என்றார். பிறகு, “நான் பைத்தியம் இல்லை. அவரை அனுப்பி வெச்சவ நான்தான். ஆனா இது அவர் எழுத்து. அதுலேயும் எனக்குச் சந்தேகம் இல்லை. காத்திருக்க வேண்டாம்னு முதல்ல எழுதியிருக்கார். சாயங்காலத்துக்குள்ள எழுதறேன்னு அப்புறம் எழுதியிருக்கார். ரெண்டுல எதை எடுத்துக்கறது, சொல்லுங்கோ” என்றார்.

சொன்னேன். அறுந்த ஒயரிலிருந்து ஆரம்பித்து, நான் முடக்காமல் விட்ட கணக்கு, நான் அழுத்திய பொத்தான், தானாகப் பதில் போடும் விதி, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். மாணவியின் விடைத்தாளைத் திருத்துவதுபோல, நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்போ முதல் கடுதாசி நிஜம். அன்னிக்கு அவரே எழுதினது.”

“ஆமாங்க.”

“ரெண்டாவது மிஷின்.”

“ஆமாங்க.”

கீழே தெருவில் பூக்காரியின் குரல் தேய்ந்து போயிற்று.

“ஏன் நேரமாகும்னு எழுதினார்? அன்னிக்கு அவருக்கு வெளி வேலை ஒண்ணும் கிடையாதே.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. முசிறித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வாடிய பூவனைப் பார்க்கச் சாயங்காலம் தானே போவதாக எழுதியிருந்தார் என்றேன். மாமி முகத்தில் முதல் தடவையாக ஏதோ இளகியது. “முசிறிக்கா? மாத்திரை கையில எடுத்துக்காமலா? நன்னாயிருக்கு” என்றார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மனுஷரை அப்போதுதான் வாசலில் நிறுத்தி வைத்துக் கோபித்துக்கொள்வதுபோல இருந்தது.

பிறகு எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம்” என்று சொல்லி மெதுவாகத் தட்டி எழுதினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அனுப்பிய சத்தம் கேட்டது. போனை இரண்டு பேருக்கும் நடுவில் மேஜையில் வைத்தார்.

“மிஷின்னா இதுக்கும் உடனே பதில் வரணும். இல்லையா?”

“வராதுங்க. ஒயரைப் பிடுங்கிட்டு வந்திருக்கேன்.”

“தெரியறது. பார்க்கலாமே.”

பார்த்தோம். திரை மங்கி அணைந்தது. அவர் ஒரு விரலால் தொட்டு எழுப்பினார். மறுபடி அணைந்தது, மறுபடி எழுப்பினார். என் கையால் பிடுங்கிய ஒயர். அது தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இருந்தும் நானும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் உட்கார்ந்திருந்தேன். வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வைக்கும் நேரம் ஆனது. எதுவும் வரவில்லை.

“சரி” என்றார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

“அந்த முகவரியை இன்னைக்கே மூடிடறேங்க” என்றேன்.

அவர் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார். “மூட வேண்டாம். அங்கேர்ந்து பதில் வராம இருந்தாப் போறும்.”

மறுநாள் காலை அந்த விதியை நீக்கிய பிறகே ஒயரைச் செருகினேன். இன்பாக்ஸில் இப்போது தடித்த எழுத்தில் மூன்று கடிதங்கள். ஒன்று முதல் நாள் மதியம் வந்தது. ஒன்று என் எதிரில் எழுதியது. மூன்றாவது நான் படியிறங்கிப் போன பிறகு எழுதியது. மூன்றையும் திறக்கவில்லை.

செல்வராசுவை அப்புறம் ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அன்று நான் போன் பண்ணி விஷயத்தைச் சொன்ன பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லையாம். “அந்த வாட்டி சார் பதில் வராததால மறுநாளே மரத்தையெல்லாம் வெட்டிட்டோம் மேடம். இப்ப அங்க நிக்கிறது வேற கன்னு. அது எனக்கும் தெரியும். ஆனா தோட்டத்துல இருங்கன்னு சார் சொல்லிட்டாருல்ல? இருட்டற வரைக்கும் நின்னுட்டு வந்தேன்.”

“யாராவது வந்தாங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் கேள்வியின் லட்சணம் எனக்கே தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. “இல்லீங்க மேடம்” என்றார், மரியாதையாக.

எல்லோர் கணினியிலும் சிடுமூஞ்சியைத்தான் போட்டேன். ‘அனுப்பப்படாத கடிதங்கள் இருக்கின்றன, என்ன செய்யட்டும்?’ ‘தானாகப் பதில் போடும் விதி இருக்கிறது, கொண்டுவரட்டுமா?’ என்று ஒவ்வொருவரையும் அது நிறுத்தி வைத்துக் கேட்டது. எத்தனை பேர் என்னைத் திட்டினார்கள் என்று அன்வரைக் கேட்டால் சொல்வார். சொன்னால் எதையெல்லாம் செய்யும் என்றுதான் நம் அட்டவணைகள் எழுதப்படுகின்றன. சொல்லாமலேயே எதையெல்லாம் செய்யும் என்பதற்கு என் அட்டவணையில் ஒரு வரிசை இல்லை. நீங்கள் அனுப்பியதிலும் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது நிலையத்தை விட்டுப் போனால், எந்த விதமாகப் போனாலும், அவர் அவுட்பாக்ஸை அன்றே திறந்து பாருங்கள். பார்ப்பது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எழுதிவிட்டேன்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இதை உங்களில் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்யுங்கள்.

கணக்குகளை மாற்றும்போது வரதராஜன் சாரின் பெயரும் பட்டியலில் வரும். பழைய கணக்கு என்று நீக்கிவிடாதீர்கள். உள்ளே படிக்கப்படாத கடிதங்கள் இருக்கும். நான் ஓய்வுபெற்ற அன்று பார்த்தபோது இருநூற்றுச் சொச்சம் இருந்தன, எல்லாம் ஒரே முகவரியிலிருந்து. இப்போது கூடியிருக்கும். எதையும் திறக்க வேண்டாம். தடித்த எழுத்து மாறாமல், வந்தது வந்தபடியே புது மென்பொருளுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். அது பதில் எதுவும் எழுதிவிடாது என்பதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.